மர்ஜியா போட்ட பூட்டு

லப்பைகுடிக்காட்டில் மர்ஜியாவைப் பற்றிக் கேட்டால் முதலில் அவள் கோபத்தைத்தான் சொல்வார்கள். கம்ப்யூட்டர் எல்லாம் அப்புறம். பெரம்பலூர் பஸ்ஸில் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தவனின் துண்டை, அதே சன்னல் வழியாகச் சேற்றில் எறிந்தவள் அவள். எறிந்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்து வீடு வரை வந்தாள். அவன் நின்றுகொண்டே வந்தான்.

அவள் புருஷன் காதர் பாட்சா குவைத்தில் இருந்தான். கல்யாணத்துக்கு முன்பு திருச்சியில் கம்ப்யூட்டர் படித்த படிப்பு துருப்பிடிக்கக் கூடாது என்று, இரண்டாயிரத்து மூன்றில் கடைவீதியில் ஒரு ரூமை வாடகைக்குப் பிடித்தாள். மூன்று பழைய கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு டெலிபோன். வாசலில் 'பெண்களுக்கு மட்டும்' என்று போர்டு.

அப்படி ஒரு இடம் அந்த ஊருக்கு ஏன் வேண்டியிருந்தது என்றால், வளைகுடாவிலிருந்து எது வந்தாலும் அது கூடத்துக்குத்தான் வரும். கடிதம் வந்தால் எல்லாரும் உட்கார்ந்திருக்க ஒருவர் உரக்கப் படிப்பார். போன் வந்தால் ஸ்பீக்கரில் போடுவார்கள். மாமியார், நாத்தனார், கொழுந்தன் எல்லாரும் கேட்ட பிறகு மீதமிருக்கும் இரண்டு சொல்தான் பொண்டாட்டிக்கு. புருஷனிடம் தனியாகச் சொல்ல அவளுக்கு என்ன இருந்துவிடப் போகிறது என்று ஊர் நினைத்தது. நிறைய இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொட்டத்தான் மர்ஜியாவின் ரூமுக்கு வந்தார்கள்.

இண்டர்நெட் அப்போது டெலிபோன் லைனில்தான். இணைத்து வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பில்லில் ஏறும். அதனால் பெண்கள் பகலில் வந்து ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, தங்கள் பெயர் போட்ட ஃபோல்டரில் வைத்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் மர்ஜியா ஒரே ஒரு தடவை லைனைப் போட்டு, எல்லாக் கடிதங்களையும் ஒரே முகவரியிலிருந்து அனுப்புவாள். ஒரு கடிதத்தையும் படிக்கமாட்டாள். அது அவளுடைய மானப் பிரச்சினை. 'நான் தபால்காரி, உறையைப் பிரிக்கமாட்டேன்' என்பாள்.

அந்த மானம்தான் அவளைக் கவிழ்த்தது.

ரூம் யாருடையது என்றால், ஹஃபீசாவின் மாமியார் வீட்டுடையது. ஹஃபீசாவின் புருஷன் அஸ்லாம் சவூதியில் தம்மாமுக்கு வெளியே ஏதோ ஒரு முகாமில் லாரி ஓட்டினான். முகாமில் போன் கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் டவுனுக்கு வந்து மெயில் பார்ப்பான், வீட்டுக்குப் போன் போடுவான். ஊரில் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டது அவன் தம்பி உபைத். ரூமின் இன்னொரு சாவி அவனிடம் இருந்தது.

இரண்டாயிரத்து ஐந்து கோடையில் ஹஃபீசாவின் மகள் பர்சானா பத்தாவது தேறினாள். மேலே படிக்க வேண்டும் என்று பிள்ளை குதித்தாள். உபைத்தோ தன் கூட்டாளி ஒருவனுக்கு அவளை நிக்காஹ் செய்து கொடுக்கப் பேசி முடித்திருந்தான். அந்தக் கூட்டாளி உபைத்துக்கு விசா வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தான். பதினைந்து வயசுப் பிள்ளையைக் கொடுத்து விசா வாங்குவது. மாமியாருக்கு இதில் விசா சமாச்சாரம் தெரியாது, நல்ல இடம் என்று மட்டும் தெரியும். நிறுத்தக்கூடியவன் ஒருவன்தான். அவன் தம்மாமில் இருந்தான்.

ஹஃபீசா அதிர்ந்து பேசமாட்டாள். அப்படிப்பட்டவள் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, 'பிள்ளையைப் படிக்க விடுங்க மச்சான், இந்தக் கல்யாணம் எனக்குச் சம்மதமில்லை' என்று எழுதி வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் மர்ஜியா அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. அதைப் படித்த ஹஃபீசா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டாள்.

"என்ன லாத்தா, என்ன எழுதியிருக்காங்க?" என்றாள் மர்ஜியா. தன்னைவிட மூத்த பெண்களை அவள் லாத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"நீயே சந்தோசமா சம்மதிச்சிட்ட, எனக்கென்ன, நோன்புக்கு முன்னாடி முடிச்சிருங்கன்னு எழுதியிருக்காக. நான் எங்க சம்மதிச்சேன்?"

முதல் தடவையாக மர்ஜியா ஒரு கடிதத்தைப் பிரித்தாள். அனுப்பிய கடிதத்தில் ஹஃபீசா எழுதிய ஒரு வரிகூட இல்லை. 'அன்புள்ள மச்சானுக்கு' என்று தொடங்கி, மாப்பிள்ளையைப் புகழ்ந்து, பர்சானாவுக்கும் ரொம்பச் சந்தோஷம் என்று முடிந்திருந்தது. பெண்கள் போன பிறகு, லைன் போடுவதற்கு முன்பு, சாவி வைத்திருந்தவன் உள்ளே வந்திருக்கிறான். அழித்திருக்கிறான். எழுதியிருக்கிறான். அந்தப் பொய்யைத் தன் கையாலேயே கடல் தாண்டி அனுப்பியது மர்ஜியாதான்.

அப்படியே தெருவில் இறங்கிப் போய் உபைத்தைப் பிடித்தாள். அவன் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தான்.

"நீதானே எழுதுன?"

"எத லாத்தா?"

"ஹஃபீசா லாத்தா லெட்டர."

"ஒங்க கம்ப்யூட்டர்ல இருந்து நீங்க அனுப்புனதுக்கு எங்கிட்ட கேக்குறீங்க? நான் எழுதினத யாரு பார்த்தா?" என்று அவன் டீயை ஊதினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஹஃபீசா மறுப்பு எழுதினாள். அஸ்லாம் குழம்பிப் போனான். 'போன வாரம் சரின்ன, இந்த வாரம் வேணாங்குற. ரெண்டும் ஒரே மெயில்ல இருந்து வந்திருக்கு. உம்மாவோ எல்லாரும் சம்மதம்னு சொல்றாங்க. எத நம்புறது?' என்று எழுதினான். கேட்டது நியாயம்தான். அந்த ரூமிலிருந்து ஹஃபீசா பெயரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற நிலை இருக்கும்வரை, ஹஃபீசாவின் சொல்லுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. போனிலோ கூடம் முழுக்க ஆள் உட்கார்ந்திருக்கும். மாமியார் முகத்துக்கு எதிராக அவள் வாய் திறந்ததே இல்லை.

மறுநாள் மர்ஜியா பெரம்பலூருக்குப் பஸ் ஏறினாள். கம்ப்யூட்டர் விற்ற ராசாங்கத்திடம் போய், ஒருத்தர் வைத்ததை இன்னொருத்தர் தொட முடியாதபடி செய்து கொடுக்கச் சொன்னாள்.

"ஏற்கெனவே பாஸ்வேர்டு போட்டுத்தானேம்மா குடுத்தேன்."

"எஸ்கேப்ப அமுக்குனா நேரா உள்ள போகுது உங்க பாஸ்வேர்டு. கதவுக்குப் பதிலா கோலம் போட்டுக் குடுத்திருக்கீங்க."

ராசாங்கம் சிரித்தார். "அந்தப் பழைய விண்டோஸ் அப்படித்தாம்மா. பொம்பளைங்க லெட்டர்தானே, அதுல என்ன பெரிய ராணுவ ரகசியம் இருக்கப் போவுது?"

பதில் சொன்னால் அவர் கடைக் கண்ணாடிக்கு ஆபத்து என்று மர்ஜியாவுக்கே தெரிந்திருந்தது. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு ஓரம் பழைய புத்தகக் கடையில் நின்று மூச்சு வாங்கினாள். அங்கேதான் அட்டையில் சிடி ஒட்டிய ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை கண்ணில் பட்டது. லினக்ஸ். கல்லூரியில் ஒரு தடவை கறுப்புத் திரையில் காட்டியிருந்தார்கள். இலவசம், யாரும் எடுத்துப் போடலாம், வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம், ஆளுக்கொரு கணக்கு, ஒருவர் அறைக்குள் இன்னொருவர் நுழைய முடியாது என்று பத்திரிகையில் எழுதியிருந்தது. கடைசி வரியை இரண்டு தடவை படித்துவிட்டு வாங்கினாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவள் பக்கத்தில் யாரும் போகவில்லை. முதல் கம்ப்யூட்டரில் எந்தப் பகுதியை அழிப்பது என்று கேட்டபோது தப்பாகச் சொல்லி, இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். இரண்டாவதில் திரை பாதிதான் தெரிந்தது. எல்லாம் சரியானபோது மோடம் செத்தது போலக் கிடந்தது. பெட்டிக்குள்ளே பொருத்திய அந்த மோடம் விண்டோஸுக்கு மட்டும்தான் வேலை செய்யுமாம். "ஏன், எனக்குச் செஞ்சா கை உளுந்துருமா?" என்று அந்தப் பச்சை அட்டையைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாள். மறுபடியும் பெரம்பலூர் போய், ராசாங்கத்தின் கடையில் குப்பையோடு கிடந்த வெளியே வைக்கும் பழைய மோடத்தைத் தேடி எடுத்து வந்தாள். அதை மாட்டி, அது கீச்சிட்டு லைனைப் பிடித்தபோது, தனியாக நின்று அதைத் திட்டிக்கொண்டே அழுதாள்.

பிறகு ரூமுக்கு வரும் பெண்களுக்கு ஏற்றபடி அதை மாற்றினாள். திரையில் இருந்த நூறு படங்களையும் தூக்கிவிட்டு, 'எழுத', 'வந்தது', 'மூடு' என்று பெரிய தமிழ் எழுத்தில் மூன்றே மூன்று வைத்தாள். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, தனி மெயில் முகவரி, பின்னணிக்கு அவரவர் கேட்ட படம். ஒருத்தி ரோஜாப்பூ கேட்டாள். ஆற்றோரத் தெருவிலிருந்து வரும் மலர்க்கொடி, சிங்கப்பூரில் இருக்கும் தன் புருஷன் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் அஸ்திவாரத்தைக் கேட்டாள். ஹஃபீசா பள்ளிச் சீருடையில் இருந்த பர்சானாவின் போட்டோவைக் கேட்டாள்.

பாஸ்வேர்டு வைக்கும் நாளில் மர்ஜியா ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, "உங்க வாயிலேருந்து வெளிய வராத ஒரு சொல்லா போடுங்க. எனக்கும் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவர்களும் யோசிக்காமல் சட்டென்று போட்டார்கள். எப்படி இவ்வளவு சீக்கிரம் போட்டார்கள் என்று அவளுக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. இனி எந்த நாயும் நுழைய முடியாது என்று கடைவீதி முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ரூமைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனவள், மறந்து வைத்த கைப்பைக்காகத் திரும்பி வந்தாள். ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலில் இருந்தார்கள். ரூம் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே உபைத் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் எதிரே திரை நிறைய, சீருடையில் பர்சானா.

"வாங்க லாத்தா. பெரிய பூட்டுன்னு சொன்னீங்களே" என்றான்.

"எப்படி உள்ள போன?"

"அண்ணன் பேரு." கடகடவென்று சிரித்தான். "இதுக்கு மூளை வேணுமா? வாயிலேருந்து வெளிய வராத சொல்லுன்னா பொம்பளைக்கு வேற என்ன இருக்கு? மலர்க்கொடிக்கு சாமிதுரை. அந்த ரோசாப்பூவுக்கும் அவ புருசன்தான். எல்லாம் தொறக்குது. உங்களுக்கு வேற எல்லார் ரூமும் தொறக்குற சாவி ஒண்ணு வெச்சிருக்கீங்களே, அதுக்கும் காதர் பாட்சாண்ணன்தான் காவல்."

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. திருச்சியில் படித்தவள், லினக்ஸ் போட்டவள், ஊரையே திட்டுகிறவள், மர்ஜியாவும் அந்தப் பெண்களைப் போலவே விரலால் அந்தப் பெயரைத்தான் தட்டியிருந்தாள். வாயால் சொல்லக் கூடாத பெயர், ஆகவே ரகசியமான பெயர். ஊரில் எல்லாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, சொல்லாதது தாங்கள் மட்டும்தான் என்பது ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

சுவரிலிருந்த மெயினை அணைத்தாள். பர்சானாவின் முகம் போய்த் திரை இருண்டது.

"வெளிய போடா."

"இது எங்க ரூமு."

பிரிண்டரைக் கையில் தூக்கினாள். அவன் போய்விட்டான்.

சனிக்கிழமை எல்லாப் பெண்களையும் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு ஆரம்பித்தாள். அப்படி ஒரு திட்டை அவர்கள் அதுவரை வாங்கியதில்லை. அதில் பாதி அவளுக்கே அவள் போட்டுக்கொண்டது.

"அந்தப் பேர இன்னிக்கி எல்லாரும் சத்தமா சொல்லணும். சொல்லிட்டா அப்புறம் அது ரகசியம்னு ஒங்க மண்டையில ஏறாது. நான் சொல்றேன் கேளுங்க, என் புருசன் பேரு காதர் பாட்சா. காதர் பாட்சா! பார்த்துக்கங்க, கூரை உளுந்துச்சா?"

கூரை விழவில்லை. ஆனால் பெண்கள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒவ்வொருத்தியாக, பாதி சிரிப்பும் பாதி பயமுமாகச் சொன்னார்கள். மலர்க்கொடிதான் ரொம்பப் பாடுபட்டாள். புருஷன் பெயரில் சாமி இருப்பதால், சாமி கும்பிடப் போவதைக்கூடக் கோயிலுக்குப் போறேன் என்று மட்டும் சொல்லிப் பழகியவள். "சா... சாமி... அய்யோ, தொரை!" என்று சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஹஃபீசா சொல்லவில்லை. மர்ஜியா எவ்வளவு கத்தியும் அவள் வாய் திறக்கவில்லை. மர்ஜியாவும் மற்ற எல்லாரும் பாஸ்வேர்டை மாற்றி, மற்றவர்கள் கிளம்பிப் போன பிறகு, ஹஃபீசா தன்னுடையதையும் மாற்றிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு 'எழுத' என்பதைத் தட்டினாள்.

"மர்ஜியா, இங்க வா. நீ படிக்கமாட்டேன்னு எனக்குத் தெரியும். இத மட்டும் படி."

கடிதம் மூன்று வரிதான். 'அன்புள்ள மச்சானுக்கு' இல்லை. முதல் சொல்லே 'அஸ்லாம்' என்று இருந்தது. 'அஸ்லாம், நம்ம பிள்ளையைக் கட்டிக்கொடுக்க எனக்குச் சம்மதம் இல்லை. அவள் படிக்கணும். இதுதான் ஹஃபீசா எழுதினது.'

"லாத்தா, பேரப் போட்டு எழுதிட்டீங்களே, கோவிச்சுக்கிட்டா?"

"கோவிக்கட்டும். லைனப் போடு. போய்ச் சேர்ற வரைக்கும் நான் இங்கயே நிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை போன் வரும் நேரத்துக்கு மர்ஜியா ஹஃபீசா வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். யாரும் கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் யாருக்கும் தைரியம் இல்லை. மணி அடித்ததும் உபைத் வழக்கம்போல எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். அஸ்லாம் சலாம் சொன்னான். அம்மாவின் முட்டிவலியைக் கேட்டான். பிறகு, "ஹஃபீசா இருக்காளா?" என்றான்.

"இருக்கேன்" என்றாள் அவள், தூணோரம் நின்றபடி.

"எம் பேரப் போட்டு எழுதுனது நீதானா?"

மாமியார் தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்தினாள். "பேரப் போட்டா எழுதுனா?" என்றாள் நம்பமுடியாமல்.

"நான்தான்" என்றாள் ஹஃபீசா. இந்தத் தடவை குரல் தூணைத் தாண்டி வந்தது. "நான்தான் எழுதுனேன்."



"அப்ப அதுதான் நெசம்" என்றான் அஸ்லாம். "ஒம் பேர்ல பொய் எழுதுறவன் மச்சான்னுதான் எழுதுவான். இப்படி எழுத அவனுக்குத் தோணாது. உம்மா, கல்யாணம் வேணாம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேருங்க. முன்னாடி வந்த லெட்டர எழுதுனது யாருன்னு நான் கேக்கல. எழுதுனவன் அங்கதான் நிக்கிறான்."

உபைத் ஸ்பீக்கரை அணைக்கக் கை நீட்டினான். மர்ஜியா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

அவன் சும்மா இருப்பானா? மறுநாள் ரூமுக்குப் புதுப் பூட்டு தொங்கியது. மூன்று கம்ப்யூட்டரும் உள்ளே. மர்ஜியா பூட்டை ஆட்டிப் பார்த்தாள், கதவை உதைத்தாள், தெருவில் நின்று அவன் பரம்பரையைத் திட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாரம் வீட்டில் பாத்திரங்களை உருட்டினாள். நல்லவர்கள் ஜெயிப்பார்கள் என்றெல்லாம் யாராவது சொல்ல வந்தால் கடித்துவிடுவாள் போலிருந்தாள்.

அந்த வாரம் கழிந்த திங்கட்கிழமை காலையில் உபைத்தே அவள் வாசலுக்கு வந்தான். கையில் புதுப் பூட்டின் சாவி. முகத்தில் பழைய சிரிப்பு இல்லை. கல்யாணம் நின்றதும் கூட்டாளி காலை வாரிவிட்டதால் வேறு ஏஜெண்டைப் பிடித்திருக்கிறான். அவன் கேட்கும் பாஸ்போர்ட் நகலையும் மற்றக் காகிதங்களையும் முன்பே பெரம்பலூரில் ஸ்கேன் செய்து, அந்த ஜும்ஆ நாளில் மர்ஜியாவின் சொந்தக் கணக்குக்குள் நுழைந்து, வேறு யாரும் தொட முடியாத இடம் என்று பத்திரமாக வைத்திருக்கிறான். அசல் கூட்டாளியிடம் மாட்டிக்கொண்டது. அந்த வாரம் முழுக்க ரூமுக்குள் உட்கார்ந்து, தெரிந்த எல்லாப் பெயரையும் போட்டுப் பார்த்திருக்கிறான்.

"லாத்தா, தொறக்க மாட்டேங்குது."

"சாவிய அங்க வை."

வைத்தான். தெருவில் பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். புதுச் சீருடையில் பர்சானாவும் அதில் இருந்தாள். சித்தப்பாவைப் பார்த்தாள், நிற்காமல் போனாள்.

"பாஸ்வேர்டு என்ன லாத்தா?" என்றான் உபைத், குரலைத் தாழ்த்தி.

மர்ஜியா சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஒம் பொண்டாட்டி பேரப் போட்டுப் பாரு."

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே."

"ஆவட்டும். அதுவரைக்கும் வெளிய நில்லு."